ஐம்பத்தெட்டுக் கட்டங்கள்

இன்று காலை அலுவலகத்தில் கணினியைத் திறந்தவுடன் ஒரு மின்னஞ்சல் கிடந்தது. நம்முடைய அந்த நூலகத்தின் மடலாடற்குழுவிலிருந்து வந்தது. எங்கெங்கோ இருப்பவர்கள் சேர்ந்து எழுதி, அட்டவணைகளைப் படித்துப் பிரிப்பதற்கு எவரும் இலவசமாக எடுத்துத் தங்கள் நிரலில் சேர்த்துக்கொள்ளும்படி வைத்திருக்கும் அதே மென்பொருள் நூலகம். முகம் தெரியாத ஒருவன் எழுதியிருந்தான். ஆவணங்களில் இருக்கும் நிரல் உதாரணங்களை எல்லாம் ஒரு சிறு கருவியைக் கொண்டு ஒழுங்குபடுத்திவிட்டானாம். மூன்று நிமிடம் எடுத்ததாம். பழைய உதாரணங்களில் ஒவ்வொரு வரியும் ஐம்பத்தெட்டு எழுத்துக்குள் முறிக்கப்பட்டிருந்ததாம். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லையாம். இனி எழுபத்தொன்பது. "யாரோ ஒருவரின் விசித்திரப் பழக்கம் போலும்" என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகமும் போட்டிருந்தான்.

அந்த யாரோ நீதான்.

நீ இறந்து இரண்டு வருடங்களுக்கு மேலாகிவிட்டது. இவ்வளவு காலமும் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. அழுகை வரும்போது எழுதலாம் என்று இருந்தேன். அது வரவே இல்லை. இன்று வந்தது கோபம். அந்தச் சிரிக்கும் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். யன்னலுக்கு வெளியே வாவி இருந்தது, பாலத்தில் காவல் இருந்தது, பக்கத்து மேசை வானொலி வன்னியில் நடக்கும் போரைச் சொல்லிக்கொண்டிருந்தது. இங்கே கிழக்கில் எல்லாம் முடிந்துவிட்டது என்கிறார்கள். முடிந்தது என்று சொல்பவர்களிலும் எனக்குக் கோபம்தான்.

வந்தாறுமூலை வளாகத்தின் கணினிக் கூடத்தில் நீ எனக்கு அறிமுகமானதே ஒரு கோபத்தில்தான். ஆளுக்கு இரண்டு மணித்தியாலம், அதுவும் மின்சாரம் இருந்தால். பக்கத்து ஆசனத்தில் ஒருத்தி விசைப்பலகையை அறைந்துகொண்டிருந்தாள்.

"இஞ்ச பாருகா. இதில இருக்கிற மாதிரித்தானே அடிச்சிருக்கன்? எழுத்து எழுத்தாப் பாத்து அடிச்சன். ஓடுதில்ல."

உன் கையிலிருந்த, அந்த நூலக ஆவணத்தின் அச்சுத்தாளைப் பார்த்தேன். உதாரணத்தின் வரிகள் எல்லாம் இடது ஓரத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்தன. நாம் படித்த அந்த நிரல் மொழியில் எந்த வரி எதற்குள் அடங்குகிறது என்பதைச் சொல்வது வரியின் தொடக்கத்தில் விடும் வெற்றிடம்தான். அது இல்லாவிட்டால் நிரல் ஓடாது.

"இதில இடைவெளி எல்லாம் போயிட்டு" என்றேன்.

"போயிட்டா? எங்க போனது, சந்தைக்கா?"

நீ சிரிக்கவில்லை. உன் ஊரில் மழைமானியில் எடுத்த அளவுகளை அட்டவணையாக்கும் ஒப்படைக்காக நீ ஒதுக்கி வைத்திருந்த இரண்டு மணித்தியாலமும் அதிலேயே போய்விட்டது. அடுத்த முறை உனக்கு நான்கு நாள் கழித்து. வெளியே வந்து மரத்தடியில் நின்று பையிலிருந்து ஆஸ்துமா மருந்துப் பம்பை எடுத்து இரண்டு தரம் இழுத்தாய். உனக்கு முட்டு வருத்தம் இருப்பது அன்றுதான் தெரிந்தது. மூச்சு ஒழுங்குக்கு வந்ததும் நீ சொன்னதை இன்று அந்த முகம் தெரியாதவனுக்கு அனுப்ப வேண்டும் போலிருக்கிறது.

"எழுதினவனுக்கு இது தெரியும். அதால அவன் கவனிக்கல்ல. தெரியாத ஒருத்தி, கரண்ட் இல்லாத இடத்தில குந்திக்கொண்டு, இதை மட்டும் நம்பி வாசிப்பாள் எண்டு அவன் நினைக்கவே இல்ல."

உதாரணங்களைத் திருத்தி அந்த நூலகத்துக்கே அனுப்பும் வேலை அப்படித்தான் தொடங்கியது. நீ கணக்குக்கு வாங்கும் கட்டக் கொப்பி ஒன்றைக் கொண்டுவந்தாய். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. வெற்றிடத்துக்கு வெறும் கட்டம். கூடத்தின் பழைய அச்சுப்பொறியில் எடுத்த ஓரத்தில் ஓட்டையுள்ள தாளைப் பார்த்து, விடுதியில் இருந்து, ஒவ்வொரு உதாரணத்தையும் கையால் கட்டத்துக்குள் இறக்கினாய். எங்கே இடைவெளி தொலைந்ததோ அங்கே யோசித்து நிரப்பினாய். வெற்றிடம் விட ஒருவன் டாப் விசையையும் இன்னொருவன் இடைவெளி விசையையும் அடித்துக் குழப்பியிருந்த உதாரணங்கள்தான் மோசம். ஒரு கணினியில் சரியாகத் தெரியும், அடுத்த கணினியில் வரிகள் குடிகாரன் மாதிரிச் சாய்ந்து நிற்கும். அவற்றை நீ ஒவ்வொன்றாகத் திட்டித் திட்டித் திருத்தினாய். கொப்பியை விரித்தால் ஒரு பக்கத்தில் இருபத்தொன்பது கட்டம், மறுபக்கத்தில் இருபத்தொன்பது. அதற்கு மேல் நீளும் வரியை அர்த்தம் கெடாத இடத்தில் முறித்தாய்.

"எண்பது வரை போகலாமே" என்று ஒருநாள் கேட்டேன்.

"கொப்பிக்குள்ள அடங்காத வரிய எப்பிடிகா கொப்பி பண்ணுறது? எங்களப்போல ஒருத்தி இருப்பாள்தானே."

ஐம்பத்தெட்டுக்குக் காரணம் அவ்வளவுதான். விசித்திரப் பழக்கமாம்.

கூடத்தில் நமக்குக் கிடைத்த நேரத்தில் நீ கொப்பியைப் பார்த்து வாசிப்பாய், நான் அடிப்பேன். வெறும் கட்டம் வரும்போது வாயால் சொல்ல மாட்டாய். பேனையால் மேசையில் தட்டுவாய். நான்கு தட்டு என்றால் ஒரு படி உள்ளே. எட்டுத் தட்டு என்றால் இரண்டு படி. சில நாட்களில் நீ தட்டுவதை மட்டும் கேட்டே அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரிந்துவிடும். கூடத்துக்குப் பொறுப்பானவர் ஒருநாள் பொறுக்க மாட்டாமல் எழும்பி வந்தார்.

"பிள்ளையள், மேளம் அடிக்கிறதெண்டா சித்தாண்டிக் கோயிலுக்குப் போங்க. இஞ்ச மிசின் கிடக்கு."

"நாங்களும் கும்பிட்டுக்கொண்டுதான் சேர் இருக்கம், கரண்ட் போகக்கூடாதெண்டு" என்றாய். அவர் போன பிறகு இன்னும் பலமாகத் தட்டினாய்.

மொத்தம் அறுபத்துமூன்று உதாரணங்கள். முப்பதைத் தாண்டியபோதுதான் அந்தச் சோதனைச் சாவடி விசயம் நடந்தது.

நீ லீவுக்கு உன் ஊர் வாகரைக்குப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தாய். பேருந்திலிருந்து எல்லோரையும் இறக்கிப் பைகளைத் திறந்து பார்த்தார்கள். உன் பையில் கொப்பி. பக்கம் பக்கமாகக் கட்டத்துக்குள் தனித்தனி எழுத்து, அடைப்புக்குறி, இலக்கம், நடுவில் வெறும் கட்டங்கள். அந்தச் சிப்பாய்க்கு உன் வயதுதான் இருக்குமாம். அரைகுறைத் தமிழில் கேட்டானாம்.

"இது மேப் தானே?"

"இல்ல சேர். படிப்பு."

"படிப்பு இப்படி இல்ல. இங்க ஏன் ஒண்டும் இல்ல? என்ன மறைச்சது?"

"ஒண்டும் மறைக்கல்ல சேர். அதில ஒண்டும் இல்லாமக் கிடந்தாத்தான் இது வேலை செய்யும்."

அந்தப் பதிலுக்காக உன்னை மூன்று மணித்தியாலம் வெயிலில் நிறுத்தி வைத்தார்கள். பேருந்து போய்விட்டது. உன் பெயர், தகப்பன் பெயர், ஊர், வளாகத்தில் என்ன படிப்பு, எல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு, கொப்பியையும் வைத்துக்கொண்டு விட்டார்கள். நல்லவேளை, முதல் முப்பத்தெட்டும் ஏற்கெனவே கணினியில் ஏறியிருந்தன.

விடுதிக்கு வந்து அதை நீ நடித்துக் காட்டினாய். கண்ணைச் சுருக்கி, கொப்பியைத் தலைகீழாகப் பிடித்து, வெறும் கட்டத்தை விரலால் சுரண்டி. சிரித்துச் சிரித்து உனக்கு இழுப்பே வந்துவிட்டது. நான் சிரிக்கவில்லை. அவர்கள் எழுதி எடுத்துக்கொண்ட உன் பெயரையே நினைத்துக்கொண்டிருந்தேன். நம் பக்கத்தில் ஒரு பட்டியலில் பெயர் ஏறினால் அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியாதா? கடைக்குப் போன ஆள், டியூசனுக்குப் போன ஆள் திரும்பி வரவில்லை என்று எத்தனை பேரைப் பார்த்தோம்? நீ அடுத்த நாளே இன்னொரு கட்டக் கொப்பி வாங்கி வந்தாய். முன் அட்டையில் பெயரை முன்பைவிடப் பெரிதாக எழுதினாய்.

பேருந்துத் தரிப்பில் நின்று நாம் சண்டை பிடித்தது அந்த வாரம்தான். திருத்தங்களை அனுப்பும்போது கோப்பின் தலைப்பில் செய்தவர்களின் பெயரைப் போட வேண்டும். அதை அப்படியே நூலகத்தின் பங்களிப்பாளர் பட்டியலில் சேர்ப்பார்கள்.

"என்ட பேரப் போடு. முழுப் பேரும். ஊரும் போடு" என்றாய்.

"ஊர் எதுக்கு? அதில ஒருத்தரும் ஊர் போடுறதில்ல. உனக்குப் பயமே இல்லையா? அந்த நெட்டில கிடக்கிறத உலகம் முழுக்கப் பாக்கும்."

"பாக்கட்டுமே. அவங்கட பட்டியல்ல என்ட பேர் கிடக்குத்தானே? நான் விரும்பிப் போட்ட ஒரு பட்டியலும் கிடக்கட்டும்கா. கள்ளி மாதிரி ஒளிஞ்சிருந்து செய்த வேலை இல்ல இது."

"சரி, போடுறன்" என்றேன். போட்டேனும்தான். தலைப்பில் என் பெயர், அதற்குக் கீழே உன் பெயர், பக்கத்தில் வாகரை.

பிறகு சண்டை தொடங்கி வளாகத்தை மூடினார்கள். விடுதியில் இருந்தவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும் என்றார்கள். என் வீட்டுக்கு வா, டவுனில் இருக்கலாம் என்று உன்னைக் கேட்டேன். அம்மா தனிய என்றாய். பத்து நாளில் வாறன் என்றாய். மிச்சம் பதினேழு உதாரணங்களின் அச்சுத்தாளையும் கொப்பியையும் எடுத்துக்கொண்டாய். ஒரு பம்ப், ஒன்றே ஒன்று, அதுவும் பாதி முடிந்தது. ஒவ்வொரு வரியிலும் வெறும் கட்டங்களை எண்ணியவள் நீ. அதில் எத்தனை இழுப்பு மிச்சம் என்று எண்ணினாயா? இதை நேரில் கேட்டு உன்னோடு சண்டை பிடிக்க வேண்டும். அதற்கும் நீ இல்லை.

வாகரைப் பாதையைப் படையினர் மூடினார்கள். பத்து நாள் ஒரு மாதமாகியது. போன் இல்லை, கடிதம் இல்லை. வாகரைப் பக்கம் எறிகணைச் செல் விழும் சத்தம் சில நாட்களில் எங்கள் வீட்டு யன்னல் வரை கேட்டது. முடிந்த நாற்பத்தாறு உதாரணங்களையாவது அனுப்பலாம் என்று ஒருநாள் டவுனில் ஒரு தொலைத்தொடர்பு நிலையத்துக்குப் போனேன். பக்கத்தில் வெளிநாட்டு அழைப்புக்குக் காத்திருந்த சனம். வாசலில் துவக்கோடு இருவர். கோப்பைத் திறந்தேன். உன் பெயரைப் பார்த்தேன். பக்கத்தில் அந்த ஊர். அந்த நாட்களில் அந்த ஊர்ப் பெயரைச் சத்தமாகச் சொல்லவே ஆட்கள் சுற்றிப் பார்த்தார்கள். எனக்கு உன்னை வெயிலில் நிறுத்தியதுதான் கண்ணில் நின்றது. நீ வந்த பிறகு திரும்பப் போடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அந்த ஒரு வரியை அழித்தேன். அனுப்பினேன். இரண்டு நாளில் நன்றி வந்தது. பட்டியலில் என் பெயர் ஏறியது. என் பெயர் மட்டும்.

வாகரைச் சனம் காட்டாலும் கரையாலும் நடந்து இந்தப் பக்கம் வந்து கூடாரங்களில் இருந்தபோது உன்னைத் தேடி மூன்று முகாம் ஏறி இறங்கினேன். கைப்பையில் புதிய பம்ப் இரண்டு வைத்திருந்தேன். மூன்றாவது முகாமில் உன் அம்மா இருந்தா. என்னைக் கண்டதும் "வாங்க மகள்" என்று கையைப் பிடித்தா. பிடித்த விதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது.

பம்ப் முடிந்து எட்டு நாள் தாக்குப்பிடித்தாயாம். மருந்து வரும் வரும் என்றார்களாம். பாதை திறந்திருந்தால் ஒன்றரை மணித்தியாலத்தில் வந்திருக்கும் மருந்து. மழை ஈரத்தில், தறப்பாள் கூரைக்குக் கீழே, படுக்க முடியாமல் குந்திக்கொண்டே இருந்தாயாம். உன்னைக் குண்டும் கொல்லவில்லை, செல்லும் கொல்லவில்லை. அதனால் எந்தக் கணக்கிலும் நீ வரமாட்டாய். ஒரு பாதையை மூடிவைத்து உன்னைக் கொன்றார்கள். அதற்கு யாரிடம் போய் என்ன கேட்பது?

"மூச்செடுக்க ஏலாம இருக்கக்குள்ள தண்ணிக் கேன்ல விரலால தட்டிக்கொண்டே இருந்தாள் மகள்" என்றா அம்மா. "நாலு தட்டு, ஒரு மூச்சு. நாலு தட்டு, ஒரு மூச்சு. அது என்ன, ஏதும் மந்திரமா? உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொன்னேன்.

பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்த கொப்பியை அம்மா எடுத்துத் தந்தா. உடுப்பைக் கூட விட்டுவிட்டு வந்தவ, இதைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறா. பதினேழும் முடிந்திருந்தன. கடைசிப் பக்கங்களில் எழுத்துக் கட்டத்தை விட்டு வெளியே போயிருந்தது. ஆனால் வெறும் கட்டங்கள் ஒன்றுகூடப் பிசகவில்லை. நான் கொப்பியை மூடும்போது அம்மா கேட்டா:

"உங்கட ரெண்டு பேர்ட பேரும் கம்ப்யூட்டர்ல வந்திருக்குமாமே. உலகம் முழுக்கப் பாக்கலாமாமே. வாகரை எண்டும் கிடக்குமாம் எண்டு சொல்லிச் சொல்லிச் சந்தோசப்பட்டாள். எனக்கு அத ஒருக்காக் காட்டுவீங்களா மகள்?"

"ஓம் அம்மா. காட்டுறன்."

இந்த இரண்டு வருடமும் நான் சுமந்து திரிவது அந்த ஓம்தான். அந்தப் பதினேழையும் அடித்து அனுப்பினேன். அப்போதாவது உன் பெயரைப் போட்டிருக்கலாம். இனி உன்னை யாரும் எங்கேயும் நிறுத்திவைக்க முடியாது. ஆனாலும் கை போகவில்லை. பயம் அதற்குள் கைப்பழக்கமாகிவிட்டது. இப்போது போட்டால் ஏன் முதலில் போடவில்லை என்று என்னையே நான் கேட்க வேண்டிவரும், அதற்கும் பயம். உன் அம்மா ஊர் திரும்பிவிட்டா என்று கேள்விப்பட்டும் போகவில்லை. சிப்பாயும் பாதையை மூடியவனும் உன் பெயரைத் தங்கள் பட்டியலில் எழுதினார்களே தவிர அழிக்கவில்லை. அழித்தவள் நான். மற்றவர்களில் வரும் கோபம் எல்லாம் சுற்றிவந்து இந்த இடத்தில்தான் நிற்கிறது.

இவ்வளவையும் எழுதி நிறுத்திவிட்டேன். இதைத் தொடர்வது மூன்று நாள் கழித்து.

அன்றே அந்த முகம் தெரியாதவனுக்குப் பதில் எழுதினேன். கட்டுப்படுத்தாமல் எழுதினேன். ஐம்பத்தெட்டு என்பது பழக்கம் அல்ல, ஒரு கொப்பியின் அகலம் என்று எழுதினேன். அந்தக் கொப்பியைப் பறித்தார்கள், இன்னொரு கொப்பி வாங்கினாள், மூச்சு முட்டிச் சாகும் வரைக்கும் உங்கள் ஆவணத்தின் வெற்றிடங்களைச் சரிசெய்தாள், அவள் பெயரை நான் பயத்தில் அழித்தேன், நீங்கள் மூன்று நிமிடத்தில் அதை மாற்றிவிட்டுச் சிரித்தீர்கள் என்று எழுதினேன்.

அடுத்த நாள் பதில் வந்தது. மன்னிக்கச் சொன்னான். ஒருவரும் அவனுக்கு அதைச் சொல்லவில்லை என்றான். உண்மைதான்; சொல்ல வேண்டியவள் நான். ஆனால் கருவி இருக்கும், எல்லா ஆவணமும் ஒரே அகலத்தில் இருக்க வேண்டும் என்று குழு முடிவெடுத்துவிட்டது, எழுபத்தொன்பதை மாற்ற முடியாது என்றான். பெயரைச் சேர்க்க ஒரு திருத்தம் அனுப்பும்படி கேட்டான். ஆக, உன் ஐம்பத்தெட்டு போய்விட்டது. எனக்கு இன்னும் ஆறவில்லை. எங்கோ ஒருத்தி கொப்பியை விரித்துவைத்து, வரி அடங்காமல் முழித்துக்கொண்டிருப்பாள். நீ இருந்தால் அவனை ஒரு பிடி பிடித்திருப்பாய்.

திருத்தத்தில் ஒரே ஒரு வரி. பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் மின்னஞ்சல் முகவரி இருக்க வேண்டும். உனக்கென்று ஒரு முகவரி இருந்ததே இல்லை, எல்லாம் என்னுடையதில்தான். அந்த இடத்தில் வாகரை என்று போட்டேன். முகவரி பிழை என்று ஒருவர் கேட்டார். அவளுடைய முகவரி அதுதான் என்று எழுதினேன். பிறகு ஒருவரும் கேட்கவில்லை. நேற்றுப் பின்னேரம் ஏற்றுக்கொண்டார்கள்.

அந்தப் பக்கத்தை அச்செடுத்திருக்கிறேன். நாளைக் காலை வாகரை பஸ். வழியில் இறக்கிப் பையைப் பார்ப்பார்கள். தாள் நிறையப் பெயர்கள். இது என்ன பட்டியல் என்று கேட்பார்கள். உன்னை நிறுத்திய இடத்தில் என்னையும் நிறுத்துவார்களோ தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மடித்து ஒளிக்க மாட்டேன். கேட்டால் உன் பெயரைக் காட்டி, இவள் என் சிநேகிதி, செய்த வேலைக்காக இதில் இருக்கிறாள் என்று சொல்வேன்.

அம்மாவுக்கு ஆங்கில எழுத்து வாசிக்கத் தெரியாது. அவவின் விரலைப் பிடித்து அந்த வரியில் வைக்க வேண்டும். இரண்டு வருடம் ஏன் பிந்தியது என்றும் சொல்ல வேண்டும். அந்தத் தட்டு என்னவென்றும் சொல்ல வேண்டும். அந்தப் பட்டியலில் பெயர்கள் ஓரத்திலிருந்து நான்கு இடம் உள்ளே தள்ளித்தான் தொடங்குகின்றன. அந்த வெறும் இடத்தில் அவவின் விரலால் நான்கு தரம் தட்டுவேன். பிறகு உன் பெயரைச் சத்தமாக வாசிப்பேன், ஊரோடு.